எங்கடீன் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் வழிகள்

1864-ஆம் ஆண்டில் கோடைகாலம் கழிந்து குளிர் தொடங்கும் வேளையில், சுவிட்சர்லாந்து தேசத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள செயின்ட் மொரிட்ஸ் என்னும் மலையூரில், யோகான்னஸ் பாத்ருட் என்ற விடுதிக்காரர், ஊர் திரும்பப் புறப்பட்ட ஆங்கில விருந்தினர் சிலரோடு ஒரு பந்தயம் கட்டினார் என்று அந்நாட்டார் சொல்லுவர். “கோடையில் மாத்திரம் வந்துபோகின்றீர், குளிர்காலத்திலும் வந்து பாரும். இங்கே வெயில் இல்லையாகில் உமது பிரயாணச் செலவு என்னுடையது” என்பதே அப்பந்தயம். விருந்தினரும் அவ்வாறே டிசம்பர் மாதத்தில் கம்பளிகளுக்குள் புதைந்தவர்களாய்ப் பனிவண்டியேறி, யூலியர் என்னும் கணவாயைக் கடந்து, பள்ளத்தாக்கில் இறங்கியபொழுது வெயிலில் வியர்த்து நின்றார்களாம். விடுதிக்காரருக்குப் பணச்சேதம் உண்டாகவில்லை. ஆல்ப்ஸ் மலையில் குளிர்கால விடுமுறை என்னும் வழக்கமே அதிலிருந்து தோன்றிற்று என்று அவ்வூரார் பெருமை பாராட்டுவர்.

இக்கதையில் எவ்வளவு மெய், எவ்வளவு பிற்காலத்து அலங்காரம் என்று ஆராய்வது நமது நோக்கமன்று. ஆனால் கதை கேட்போர் பெரும்பாலும் கவனியாது விடும் ஒரு சங்கதி அதில் உண்டு. அவ்விருந்தினர் கணவாயைக் கடந்து வந்தார்கள் என்பதே அது. மலைச்சுவரின் அப்புறத்தைக் கண்ட கண்ணோடு இப்புறத்தைக் கண்டமையால்தான் அவ்வெயில் அவர்களுக்கு அதிசயமாய்த் தோன்றியது.

நம் கல்லூரியில் பயின்றோர் பலர் மேற்படிப்பின்பொருட்டும் உத்தியோகத்தின்பொருட்டும் ஐரோப்பாவில் வசிக்கின்றனர். விடுமுறை கிடைத்தவுடன் ஆல்ப்ஸ் மலையைப் பார்க்க விரும்புவது அவர்களுக்கு இயல்பே. எங்கே தங்குவது என்று பத்து நாள் யோசிப்பவர், எவ்வழியே செல்வது என்று பத்து நிமிஷமும் யோசிப்பதில்லை; விரைவிற் கொண்டுபோய்ச் சேர்ப்பது எதுவோ அதுவே வழி என்று முடிவு செய்கின்றனர். மற்ற இடங்களில் இது பொருந்தலாம். எங்கடீன் பள்ளத்தாக்கிற்குப் பொருந்தாது. அங்கே வெயில் உண்டாவதற்குக் காரணமானவை எவையோ, அவற்றையே வழிகள் கடந்துசெல்கின்றன. ஆகையால் அக்காரணத்தைக் கண்ணுக்குக் காட்டும் வழியே நல்வழி என்பது எமது கருத்து.

காரணம் யாதெனில் கூறுவாம். எங்கடீன் என்பது இன் என்னும் நதி பிறந்து ஓடும் நீண்ட பள்ளத்தாக்கு. அதன் மேற்பகுதியில் தரையே கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 1,800 மீட்டர், அதாவது சுமார் 6,000 அடி உயரத்தில் உள்ளது. அவ்வளவு உயரத்திலும் அஃது ஓர் இடுக்காக இராமல், ஏரிகள் வரிசையாய்க் கிடக்கும் அகன்ற சமவெளியாக இருப்பது முதல் விசேஷம். இருபுறமும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் சுவர்போல் எழும்பியிருக்கின்றன. தெற்கேயுள்ள பெர்னீனா சிகரம் 4,049 மீட்டர் உயர்ந்தது. வடக்கிலிருந்து வரும் ஈரக்காற்று வடசுவரிலும், மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து வருவது தென்சுவரிலும் தன் மழையைக் கொட்டிவிடுகின்றது. உள்ளே வந்து சேருவது பெரும்பாலும் வறண்ட காற்றே. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரின் மலையாளப் பக்கத்தில் வெள்ளமாய்ப் பொழிந்துவிட்டு, கீழ்ப்பக்கத்துச் சமவெளியில் வெறுங்காற்றாய் வீசுவதை அறிந்த நமக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. சுவிட்சர்லாந்தின் வடகிழக்கு விளிம்பில் நிற்கும் சென்டிஸ் என்ற சிகரத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் பனியும் விழ, எங்கடீன் நடுவிலுள்ள சமேடன் என்ற ஊரில் ஏறக்குறைய 700 மில்லிமீட்டரே விழுகின்றது. அஃதன்றியும், இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் சூரிக் முதலான கீழ்நாட்டு நகரங்களின்மேல் நாட்கணக்காய்ப் படிந்துகிடக்கும் மூடுபனி இவ்வளவு உயரத்திற்கு ஏறுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெயில் வேறு, வெப்பம் வேறு. தெளிந்த வானத்தின்கீழ் இரவில் தரையின் சூடு முழுதும் மேலே போய்விட, சரிவுகளிலிருந்து இறங்கும் குளிர்காற்று பள்ளத்தின் அடியில் தேங்குகின்றது. குளிர்கால இரவுகளில் சமேடனில் பூஜ்யத்திற்குக் கீழே 20 பாகைக்கு இறங்குவது அபூர்வமன்று. ‘வெயில் நாடு’ என்ற விளம்பரத்தை நம்பிக் கம்பளியைப் பெட்டியிலேயே வைத்துச் செல்லும் நம்மவர் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி வழிகள். இப்பள்ளத்தாக்கிற்கு வாயில்கள் பல. வடக்கே அல்பூலா, யூலியர், ப்ளூயெலா என்னும் கணவாய்கள், தெற்கே பெர்னீனா, தென்மேற்கே மலோயா, கிழக்கே ஆஸ்திரியாவிலிருந்து இன் நதியோரமாய் ஏறும் பாதை. இவையெல்லாம் நெடுங்காலம் வணிகர் நடந்தவை. புதுவாகனங்கள் வந்தபோது அந்நாட்டார் செய்த காரியம் வினோதமானது. எங்கடீன் அடங்கிய கிரவ்புண்டன் மாகாணத்தில் 1900 முதல் 1925 வரை மோட்டார் வண்டிகள் சாலைகளில் ஓடலாகாது என்று தடை இருந்தது. அக்காலத்தில் விருந்தினரை ஏற்றிவரும் பெரும்பொறுப்பு இருப்புப்பாதையின்மேல் விழுந்தது. மலையை எங்கே துளைப்பது, எங்கே சுற்றுவது என்று அவ்வளவு நுட்பமாய் யோசித்து அமைத்த பாதைகள் நமக்குக் கிடைத்திருப்பதில் அத்தடைக்கும் ஒரு பங்கு உண்டென்று எண்ணுகிறோம்.

அவற்றுள் முதலாவது அல்பூலா இருப்புப்பாதை. தூசிஸ் என்ற ஊரிலிருந்து எங்கடீன் வரை 1903-லும், செயின்ட் மொரிட்ஸ் வரை 1904-லும் திறக்கப்பட்டது. சூரிக்கிலிருந்து வருவோர் கூர் என்னும் பழம்பட்டணத்தில் இறங்கி, ஒரு மீட்டர் அகலமேயுள்ள இச்சிறு பாதையின் செந்நிற வண்டியில் மாறி ஏறவேண்டும். அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரம். போகுந்திசையில் வலப்புறம் உட்காருவது நலம். தூசிஸை விட்டதும் ஆழமான நதிப்பிளவின்மேல் 89 மீட்டர் உயரத்தில் நிற்கும் சோலிஸ் பாலம் வரும். பின் தீபென்காஸ்டெல். அதனைத் தாண்டிச் சிறிது தூரத்தில் லாண்ட்வாசர் பாலம். 65 மீட்டர் உயரமுள்ள கற்றூண்கள் ஆறு வளைவுகளைத் தாங்க, பாதை நேராய்ச் செல்லாது வில்போல் வளைந்துசென்று, செங்குத்தான பாறையின் முகத்திலுள்ள குகைவாயிலுட் புகுகின்றது. வண்டியின் பின்பெட்டியில் இருப்பவர், முன்பெட்டி பாறைக்குள் மறைவதைத் தம் சன்னல் வழியே காணலாம். படத்தில் ஆயிரந்தரம் கண்டவரும் அவ்விடத்தில் எழுந்துநிற்பர்.

எனினும் இப்பாதையின் உயிர்நிலை அப்பாலம் அன்று. அதற்கு மேலேயுள்ள பெர்கூன் முதல் பிரேடா வரையிலான பகுதியே. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்தூரம் 6 கிலோமீட்டர் சில்லறை; உயர வித்தியாசமோ 400 மீட்டருக்கு மேல். நேராய் ஏறினால் வண்டிச்சக்கரம் வழுக்கும். ஆதலால் எஞ்சினீயர்கள் பாதையை ஏறக்குறைய இருமடங்கு நீளமாக்கி, மலைக்குள் வட்டமிடச் செய்தும், பள்ளத்தை இப்புறமும் அப்புறமுமாகத் தாண்டச் செய்தும், ஆயிரத்துக்கு 35 என்னும் சரிவை மீறாமல் மேலேற்றினர். பிரயாணிக்கு நேரும் அனுபவம் வேடிக்கையானது. ஒரு மாதாகோயில் கோபுரம் வலப்புறம் கீழே தெரியும். ஒரு குகையிருளுக்குப் பின் அதே கோபுரம் இடப்புறம் தெரியும். மறுபடியும் மறைந்து தோன்றும்பொழுது பொம்மையளவாய்ச் சிறுத்திருக்கும். திசை இன்னதென்று தோன்றாமல் தலை சுற்றும் அச்சமயத்தில் வண்டி பிரேடாவை அடைந்து, 5,800 மீட்டருக்கு மேல் நீண்ட அல்பூலா சுரங்கத்துள் நுழைகின்றது. 1903-இல் திறந்த பழைய சுரங்கத்திற்குப் பக்கத்தில் புதிதாய் ஒன்று வெட்டி 2024 முதல் அதில் வண்டிகளை ஓட்டுகின்றனர். சில நிமிஷ இருளுக்குப் பின் அப்புறம் வெளிவந்தால், வடக்கே சாம்பல்நிறமாய் விட்டுவந்த வானம் பல நாட்களில் நீலமாய் மாறியிருக்கும். எல்லா நாளும் அப்படி நிகழும் என்று நாம் பிணை நிற்க முடியாது. பாத்ருட் அவர்களே பிரயாணச் செலவைத்தான் பிணை வைத்தார்.

சமேடனில் இறங்குவோர் ஒரு செய்தியை நினைவில் வைத்தல் தகும். எங்கடீன் மக்களின் தாய்மொழி ரோமான்ஷ் என்பது. இலத்தீன் வழிவந்த சிறுமொழி. புதிய ஏற்பாட்டை அம்மொழியில் பெயர்த்தவர் இவ்வூரினரான யாக்கியம் பிப்ரூன். அது 1560-இல் அச்சேறியது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-இல். மலைநடுவே சில்லாயிரம் பேர் பேசிய மொழி, நம் மொழிக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியே அப்பேற்றைப் பெற்றது.

இருப்புப்பாதையை விரும்பாதவர் கூரிலிருந்து மஞ்சள்நிறத் தபால் பஸ் ஏறி யூலியர் கணவாய் வழியே வரலாம். பாத்ருட்டின் விருந்தினர் வந்த வழி அதுவே. வழியில் மார்மொரேரா என்னும் நீர்த்தேக்கத்தைக் காணலாம். 1954-இல் அணை நிரம்பியபோது பழைய ஊர் அதனடியில் மூழ்கிற்று. அதற்கு மேல் பிவியோ என்னும் ஊர். ‘இருவழி’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே அதன் பெயர். யூலியர் வழியும் செப்டிமர் வழியும் அங்கேதான் பிரிந்தன. 2,284 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயின் உச்சியில், உரோமர் காலத்துக் கற்றூண் ஒன்றின் இரண்டு துண்டுகள் சாலையின் இருமருங்கிலும் நிற்கின்றன. குளிர்காலத்திலும் இவ்வழி திறந்தே இருப்பது இதன் பெருநன்மை. அல்பூலா கணவாயின் சாலையும் ப்ளூயெலா சாலையும் பனி விழுந்தால் மூடப்படும்.

ப்ளூயெலாவைப் பற்றி ஒரு வார்த்தை நிறுத்திச் சொல்லவேண்டும். தாவோஸிலிருந்து எங்கடீனின் கீழ்ப்பகுதிக்கு வரும் இச்சாலை 2,383 மீட்டர் ஏறுவது. குளிர்காலத்திற் பனிச்சரிவுக்கு அஞ்சவேண்டியது. 1999 நவம்பரில் இதற்கு வடகிழக்கே, 19 கிலோமீட்டர் நீளமுள்ள வெரெய்னா சுரங்கத்தைத் திறந்தனர். மோட்டார் வண்டிகளையும் ரயிலின்மேல் ஏற்றி, இருபது நிமிஷத்துக்குள் மலையின் அப்புறம் சேர்க்கின்றனர். காட்சியை நாடும் பிரயாணிக்கு வெரெய்னா வெறும் இருட்டு. அதனை விலக்குமாறு கூற எமது பேனா முந்துகிறது. ஆயினும் மனச்சாட்சி தடுக்கின்றது. அவ்விருட்டு வருமுன் கீழ் எங்கடீனில் பிரசவ வேதனைப்படுகிறவளும், பரீட்சைக்குப் போகும் பிள்ளையும், வேலைக்குச் செல்பவனும் குளிர்காலத்தில் நெடுஞ்சுற்றுச் சுற்றவேண்டியிருந்தது. விடுமுறைக்கு வருபவன் வாரத்தில் ஒருநாள் கடக்கும் சுவரை அவர்கள் ஆயுள் முழுதும் கடக்கின்றனர். ஆகவே கோடையில் ப்ளூயெலா மேல் செல்லுங்கள். குளிர்காலத்தில் நன்றியோடு வெரெய்னாவுட் புகுங்கள்.

தென்மேற்கு வாயிலாகிய மலோயா ஒரு விசித்திரமான கணவாய். இத்தாலியிலுள்ள கியாவென்னா பட்டணம் கடல்மட்டத்திற்கு 333 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பிரெகாலியா பள்ளத்தாக்கின் வழியே ஏறி, முடிவில் செங்குத்தான வளைவுகளால் 1,815 மீட்டரை அடைந்தால், அப்புறம் இறக்கமே இல்லை. ஏறின படியில் அப்படியே சமதரையும் சில்ஸ் ஏரியும் விரிகின்றன. ஒருபக்கம் மட்டும் படிக்கட்டுள்ள மாடி என்று சொல்லலாம். கோடைப் பிற்பகல்களில் இவ்வாயில் வழியே புகுந்து பள்ளத்தாக்கின் கீழ்முகமாய் வீசும் மலோயாக் காற்று பேர்பெற்றது. மற்ற மலைப்பள்ளங்களிற் பகற்காற்று மேல்நோக்கி வீச, இங்கே முறை மாறி வீசுவதும், ஏரிகளிற் பாய்மரப்படகு செலுத்துவோர் அதற்காகக் காத்திருப்பதும் நேரிற் காணத்தக்கன. லுகானோ நகரிலிருந்து கோமோ ஏரிக்கரை வழியாய்ச் செயின்ட் மொரிட்ஸுக்கு வரும் தபால் பஸ் இவ்வழியே செல்வது. பனைவகை மரங்களின் நிழலிற் புறப்பட்டு ஊசியிலைக் காட்டில் வந்து இறங்கலாம். நடுவே இத்தாலிய மண்ணைக் கடப்பதால் பிரயாணச்சீட்டோடு பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். எல்லா நாளும் ஓடுவதன்று. முன்னதாகவே இடம் பதிவு செய்தல் வேண்டும்.

பிரெகாலியாவுக்கு இயற்கைக் காட்சியை நாடி வந்தவர் மாத்திரமல்லர். பதினாறாம் நூற்றாண்டில் விசுவாசத்தின்பொருட்டு இத்தாலியை விட்டு ஓடிவந்தோர் பலருக்கு அடைக்கலம் இப்பள்ளத்தாக்கே. கபோதிஸ்திரியாவின் அத்தியட்சராயிருந்த வெர்ஜேரியோ, 1549-இல் நாட்டைவிட்டு நீங்கி, இங்குள்ள விகோசொப்ரானோ என்னும் சிற்றூரில் போதகராய் அமர்ந்தார். இதே பள்ளத்தில் 2017 ஆகஸ்டு 23-ஆம் தேதி செங்காலோ சிகரத்திலிருந்து ஏறக்குறைய 30 லட்சம் கனமீட்டர் பாறை பெயர்ந்து விழுந்தது. மலையேறச் சென்ற எண்மர் இறந்தனர். சேறும் கல்லும் போண்டோ கிராமம் வரை வந்து சாலையை மறித்தன. அல்பூலா வழியிலும் தீபென்காஸ்டெலுக்கு அண்மையிலுள்ள பிரியென்ஸ் என்ற ஊரார், மேலேயுள்ள மலை நகர்வதையறிந்த அதிகாரிகளின் கட்டளைப்படி 2023 மே மாதத்தில் வீடுகளை விட்டு வெளியேறினர். ஜூன் 15-ஆம் தேதி இரவு மலைச்சரிவு இறங்கி, ஊரின் பள்ளிக்கூடத்திற்கு அருகே வந்து நின்றது. திரும்பியவர்கள் 2024 நவம்பரில் மறுபடியும் வெளியேற நேர்ந்தது. ஆகையால் புறப்படுகிற நாட்காலையில் வழியின் நிலைமையை விசாரித்துக்கொள்வது கோழைத்தனமன்று.

கடைசியாகப் பெர்னீனா. எமது தேர்வை மறைப்பானேன்? அல்பூலாவால் உள்ளே வந்து, பெர்னீனாவால் வெளியேறுவதே எமக்கு உகந்தது. அல்பூலா சுவரைத் துளைத்து உட்புகுவது. பெர்னீனா அதன்மேல் ஏறி நிற்பது. 1908-க்கும் 1910-க்கும் இடையிற் பகுதி பகுதியாய்த் திறந்த இப்பாதை, தொடக்கமுதலே மின்சாரத்தால் ஓடுவது. உச்சியில் சுரங்கம் கிடையாது. 2,253 மீட்டர் உயரத்தில் திறந்த வெளியிலேயே கணவாயைக் கடக்கின்றது. நம் நீலகிரி ரயிலை அறிந்தோர் இங்கே ஓர் ஒப்புமை காண்பர். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் சென்ற அப்பாதை, 12-க்கு 1 என்ற ஏற்றத்தைப் பற்சட்டத்தின் உதவியால் ஏறுவது. அம்முறையைக் கண்டவர் ரோமன் அப்ட் என்னும் சுவிஸ் எஞ்சினீயரே. பெர்னீனா 14-க்கு 1 என்ற ஏற்றத்தைப் பற்சட்டமின்றிச் சக்கரத்தின் பிடிப்பு ஒன்றினாலேயே ஏறுகின்றது. நீலகிரிப் பாதையை 2005-லும், அல்பூலா பெர்னீனா இரண்டையும் சேர்த்து 2008-லும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

கண்ணாடிக் கூரையுள்ள விசேஷ வண்டிக்குத் தனிக்கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்யவேண்டும். அதன் சன்னலைத் திறக்கவும் இயலாது. அதே பாதையிற் சாதாரண வண்டியும் ஓடுகின்றது. நினைத்த ஊரில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறலாம். சிலவற்றிற் கண்ணாடியை இறக்கிக் காற்றையும் வாங்கலாம். மாணவனாயிருப்பவன் விசேஷ வண்டிக்கு ஏங்கவேண்டா. செர்மாட்டிலிருந்து எட்டு மணி நேரம் ஓடிவரும் ‘கிளேசியர் எக்ஸ்பிரஸ்’ என்பதும் 1930 முதல் பேர்பெற்றதே. ஒரே நாளில் 291 கிலோமீட்டர் கண்ணாடி வழியே பார்த்தால் கடைசி இரண்டு மணி நேரத்தில் கண் பார்ப்பதில்லை என்பது எமது எண்ணம். அதன் கடைசிப் பகுதியோ அல்பூலாதான்.

செயின்ட் மொரிட்ஸை விட்டுப் பொன்ட்ரெசினாவுக்கு மேல் மொர்த்தராட்ச் என்னும் நிலையத்தில் ஒருதரம் இறங்குங்கள். இருப்புப்பாதை போட்ட காலத்தில் பனியாறு நிலையத்திற்கு அணித்தாய் இருந்தது. இப்பொழுது அதனைத் தேடிப் பள்ளத்தின் உட்புறமாய் நெடுந்தூரம் நடக்கவேண்டும். பனி எவ்வாண்டில் எங்கே நின்றது என்பதைக் காட்டும் பலகைகள் வழிநெடுக நாட்டப்பட்டிருக்கின்றன. முதற்பலகைகளைச் சுற்றி மரங்கள் வளர்ந்துவிட்டன. போகப்போகச் செடி, பின் புல், பின் வெறுங்கல். தம் தாத்தா காலத்து ஆண்டைக் கண்டவுடன் பலர் அங்கே நின்றுவிடுகின்றனர்.

மறுபடி வண்டியேறினால், உச்சியருகே இரண்டு ஏரிகள். கருமையானதன் நீர் இன் நதியிற் சேர்ந்து டான்யூப் வழியாய்க் கருங்கடலுக்கும், வெண்மையானதன் நீர் போ நதி வழியாய் ஆத்திரியக் கடலுக்கும் போகின்றன. நாம் முன் கூறிய சுவரின் முகடு இதுவே. வடபுறம் வறண்ட தெளிவானம், தென்புறம் இத்தாலியிலிருந்து ஏறிவந்து முகட்டில் முட்டி நிற்கும் மேகம். இவையிரண்டையும் ஒரே இருக்கையிலிருந்து காணும் நாட்கள் உண்டு. இதய நோயுள்ளவர் மாத்திரம் இவ்வுயரத்தைப் பற்றி வைத்தியரைக் கேட்டுக்கொள்க.

அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள் 1,800 மீட்டருக்குமேல் இறக்கம். ஆல்ப் கிரூமிற் பனிமலை எதிரே நிற்கும். பொஸ்கியாவோவில் மக்கள் பேசுவது இத்தாலியம். புரூசியோவில் ஒன்பது வளைவுகளுள்ள வட்டப்பாலத்தில் வண்டி தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டு சுற்றி இறங்கும். அதற்குள் பலகணியிற் புகும் காற்று வெதுவெதுப்பாகி, சரிவுகளில் கொட்டை மரங்களும் திராட்சைத் தோட்டங்களும் வந்துவிடும். எல்லையைக் கடந்து திரானோவில் நுழையும்பொழுது மலையேறிவந்த அந்த ரயில், டிராம் வண்டியைப்போலத் தெருவிலேயே ஓடி, மாதாவின் பெருங்கோயில் முற்றத்தைக் குறுக்கே கடந்து, மணியடித்துக்கொண்டு நிலையத்தில் நிற்கின்றது. கம்பளியைக் கழற்ற அதுவே சமயம்.